காப்ரியலின் ஒறுத்தலும் மூன்றாவது பேரிங்கும்

சாம்பல் புதன் காலைப் பூசை முடிந்து வீடு திரும்பியதும், நெற்றியில் சாம்பல் சிலுவையோடு வாசலில் நின்று காப்ரியல் ஒரு சபதம் எடுத்தார்.

"மவுரீன், இந்தத் தவக்காலம் முடியற வரைக்கும் நான் காடியைத் தொடப்போறதில்ல. நாப்பது நாளு. இதான் என் ஒறுத்தல்."

செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த மவுரீன் நிமிர்ந்து பார்த்தார்.

"போன வருஷம் காப்பியை விடறேன்னு சொல்லிட்டு மூணாம் நாளே மில்லு கேன்டீன்ல மாட்டிக்கிட்டீங்க."

"காப்பி வேற லா. அது வெறும் ஆசை. இது தியாகம்."

"அந்தக் காடியையா? நெசமாவா?"

"ஆண்டவருக்காக."

"நல்லதுங்க," என்று சொல்லிவிட்டு மவுரீன் உள்ளே போய்விட்டார். வேறொன்றும் கேட்கவில்லை. இருபத்தாறு வருட இல்லற வாழ்க்கையில் மவுரீன் வேறொன்றும் கேட்காமல் உள்ளே போன நாட்களுக்குப் பிறகு என்னென்ன நடந்தது என்று காப்ரியல் ஒரு நிமிடம் யோசித்திருந்தால் அப்போதே உஷாராகியிருப்பார். அவர் யோசிக்கவில்லை. தப்பித்தோம் என்று பெருமூச்சு விட்டார்.

விஷயம் இதுதான். காப்ரியல் காடி என்று சொன்ன அந்தக் கார் முந்தின நாளே படுத்துவிட்டது.

காப்ரியல் சாதாரண ஆள் இல்லை. கோல சிலாங்கூர் பக்கத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றின் ஒர்க்‌ஷாப்பில் ஃபோர்மன். டிராக்டர் தூரத்தில் வரும்போதே சத்தத்தை வைத்து அதற்கு என்ன நோய் என்று சொல்லிவிடுவார். எட்டு வருடத்துக்கு முன் புக்கிட் பெருந்துங்கில் பழைய இரும்புக் கடை ஒன்றில் அந்தக் காரைப் பார்த்தார். பார்த்ததும் காதல். ஏனென்றால் அதற்குள் இருந்தது ரோட்டரி இன்ஜின். பிஸ்டன் கிடையாது. பக்கம் புடைத்த முக்கோணம் மாதிரி இரண்டு ரோட்டர், கூட்டுக்குள் சுற்றிக்கொண்டே இருக்கும். சின்ன இன்ஜின்தான், இரண்டு பேர் தூக்கிவிடலாம். ஆனால் மிதித்தால் போதும், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் செபமாலையைத் தேடுவார்.

அந்த ரோட்டருக்கும் அதைத் தாங்கும் தண்டுக்கும் நடுவே மெல்லிய வளையம் ஒன்று உண்டு. அதுதான் பேரிங். வளையத்துக்கும் தண்டுக்கும் இடையில் எண்ணெய் ஒரு படலமாக நிற்க வேண்டும். எண்ணெய் நின்றால் இன்ஜின் பாடும். நிற்காவிட்டால் முதலில் பேரிங் போகும், பிறகு தூக்கம் போகும்.

காப்ரியல் இன்ஜினைப் பிரித்து, கழுவி, மறுபடி கட்டினார். ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டரில் தட்ட ஆரம்பித்தது. பிரித்துப் பார்த்தால் பேரிங் தேய்ந்து அதன் செம்பு உதிர்ந்திருந்தது. பழைய பேரிங்கையே போட்டது தப்பு என்று முடிவுகட்டிப் புதிதாக வாங்கிப் போட்டார். அது வேறு வகை, முழுக்கச் சாம்பல் நிறம். அறுநூறில் போனது. பம்புதான் குற்றவாளி என்று பம்பையும் மாற்றி, மறுபடி ஒரு சாம்பல் நிறப் பேரிங் வாங்கி வந்தார். வாங்கி வந்த அன்றைக்குத்தான் சாப்பாட்டு மேசையில் வாயை விட்டார்.

"மூணாவது தடவையும் பேரிங் போச்சுன்னா, இந்தக் காடி உன்னோடது மவுரீன்! வித்துக்கோ, வெச்சுக்கோ, கோழிக்கூடாக்கிக்கோ. நான் ஒரு வார்த்தை கேக்க மாட்டேன்."

"எழுதிக் குடுங்க," என்றார் மவுரீன்.

காலண்டர் தாளைக் கிழித்து அதன் பின்பக்கம் எழுதிக் கையெழுத்தும் போட்டார். மவுரீனுக்குக் கையெழுத்து முக்கியம். அதே தோட்டத்துச் செம்பனை எண்ணெய் மில்லின் பரிசோதனைக் கூடத்தில் இருபது வருடமாக இருப்பவர். எண்ணெயைப் போத்தலில் பிடித்து, வடிகட்டி, அதில் எவ்வளவு அழுக்கு, எவ்வளவு ஈரம் என்று பார்த்து, தேதி எழுதி ஒட்டி வைப்பார். அவர் கையெழுத்து விழாமல் ஒரு டேங்கர் லோரியும் கேட்டைத் தாண்டாது. மேனேஜரே வந்து கெஞ்சினாலும் தாண்டாது.

இப்போது மூன்றாவது பேரிங்கும் போய்விட்டது. முந்நூறே கிலோமீட்டரில். செவ்வாய்க்கிழமை மத்தியானம், மவுரீன் மில்லில் இருந்த நேரத்தில், கார் 'டக டக'வென்று இருமிக்கொண்டே போர்ச்சுக்குள் வந்து நின்றது. சுங்கை பெசாரில் இருக்கும் செல்வா என்பவர் அந்தக் காரை விலைக்குக் கேட்டு ஏற்கெனவே மூன்று தடவை மவுரீனிடம் பேசியிருந்தார். விஷயம் தெரிந்தால் அடுத்த வாரம் கார் சுங்கை பெசாரில் நிற்கும். காப்ரியலுக்கு அதை நினைக்கவே பிடிக்கவில்லை. எட்டு வருடம் கையால் தடவித் தடவி வளர்த்த கார். அப்போதுதான் தவக்காலம் ஞாபகம் வந்தது. நாற்பது நாள் யாரும் 'ஏன் ஓட்டவில்லை' என்று கேட்க மாட்டார்கள். கேட்டால் புண்ணியம் கூடும்.

சாம்பல் புதன் மத்தியானம் மவுரீன் வேலைக்குக் கிளம்பியதும் தங்கராஜு லோரியோடு வந்தார். இருவரும் தோட்டத்துப் பள்ளியில் ஒன்றாகப் படித்தவர்கள். தங்கராஜுவுக்குச் சுங்கை பஞ்சாங்கில் நெல் வயலும் டிராக்டர் நிறுத்தும் கொட்டகையும் உண்டு. எண்ணெயை ஒரு பழைய பேசினில் வடித்து ஸ்டோருக்குள் தள்ளிவிட்டு, இருவரும் இன்ஜினைக் கழற்றி லோரியில் ஏற்றினார்கள். திரும்பிப் பார்த்தால் புதுப் பிரச்சினை.

"டேய் காப்ரி, மூக்கு மேல தூக்கிருச்சுடா. ராக்கெட்டு மாதிரி நிக்குது."

இன்ஜின் பாரம் போனதில் காரின் முன்பக்கம் ஒரு சாண் உயர்ந்து நின்றது. மேலே துணி போர்த்தினாலும் மறையவில்லை.

"ராஜு, உன் லோரியில என்ன இருக்கு?"

"அரிசிடா. நீதான கேட்ட. உன் வீட்டுக்குத்தான், பத்து கிலோப் பை ஆறு."

ஆறு பையும் பானெட்டுக்கு அடியில் இன்ஜின் இருந்த இடத்தில் போய் உட்கார்ந்தன. மூக்கு அடக்கமாகக் கீழே இறங்கியது. காப்ரியல் தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டார்.

சாயங்காலம் மவுரீன் கேட்டார்: "தங்கராஜு அண்ணன் அரிசி கொண்டாரேன்னு ஃபோன்ல சொன்னாரே. எங்கங்க?"

"அது… ஏழைங்களுக்குக் குடுத்துட்டேன்."

"ஆறு பையுமா?"

"தவக்காலம்லா."

"எந்த ஏழைங்களுக்கு?"

"தர்மம் பண்ணினதை வெளிய சொல்லக் கூடாது மவுரீன். பலன் போயிரும்."

"அதுவும் சரிதான்," என்று மவுரீன் மறுபடி உள்ளே போய்விட்டார்.

அடுத்த ஞாயிறு பங்கு சாமியார் ஃபாதர் ட்ரெவர் பிரசங்கத்தில் காப்ரியலின் பெயரைச் சொன்னார். "தான் உயிராய் நேசிக்கும் காரை ஆண்டவருக்காக ஒதுக்கி வைத்த மனிதர் ஒருவர் நம் நடுவில் இருக்கிறார்." கோயில் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. காப்ரியல் தலையைக் குனிந்துகொண்டார். தாழ்ச்சி என்று எல்லாரும் நினைத்தார்கள். மவுரீன் மட்டும் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு இருமினார்.

சனிக்கிழமை தோறும் காப்ரியல் மோட்டார் சைக்கிளில் சுங்கை பஞ்சாங் போனார். தங்கராஜுவின் டிராக்டருக்கு உடம்பு சரியில்லை என்பது வீட்டில் சொன்ன காரணம். டிராக்டர் பாவம், நன்றாகத்தான் இருந்தது. கொட்டகையில் இன்ஜின் துண்டு துண்டாகக் கிடந்தது. பேரிங்கில் நகத்தால் பிறாண்டியது போல் சுற்றிலும் கோடு. தண்டை மைக்ரோமீட்டரால் அளந்தார், சரியாக இருந்தது. இடைவெளியை அளந்தார், தலைமுடி அளவுக்குக்கூடப் பிசகவில்லை. பம்பு சரி. எண்ணெய் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வால்வும் சரி. புதுப் பேரிங் ஒரு செட் வாங்கிப் பெட்டியிலேயே வைத்திருந்தார். காரணம் தெரியாமல் போட்டால் அதுவும் போகும். அவ்வளவு ஞானம் அவருக்கு இருந்தது.

"கண்ணு பட்டிருக்குலா," என்றார் தங்கராஜு. "எலுமிச்சங்காய் மூணு, காஞ்ச மொளகா ஒரு புடி. சுத்திப் போட்டா சரியாயிரும்."

"நாங்க வேதக்காரங்கடா."

"பேரிங்குக்கு மதம் தெரியுமா?"

"என் காடிக்குக் காவல் இருக்குடா. மொத தடவை ஓட்டின வருஷமே குருத்தோலைச் சிலுவை கட்டியிருக்கேன். பம்பருக்குப் பின்னால, ஆயில் கூலர்ல."

உண்மைதான். இன்ஜின் எண்ணெயைக் குளிரவைக்கும் அந்த ஆயில் கூலர், பார்க்கச் சின்ன ரேடியேட்டர் மாதிரி இருக்கும். அதன் குழாயோடு சேர்த்துக் கம்பி போட்டு இறுக்கியிருந்தார் அந்த ஓலைச் சிலுவையை. ஒவ்வொரு தடவை இன்ஜினைப் பிரித்தபோதும் நட்டு, போல்ட்டு, மூடி, குழாய் எல்லாவற்றையும் பெட்ரோலில் மூன்று முறை கழுவினார். ஓலை இருந்த இடத்தில் மட்டும் ஸ்பேனர் வைக்கவில்லை. ஆசீர்வதித்த பொருளை எண்ணெய்க் கையால் தொடுவதா? வெளியிலிருந்து சுத்தமான துணியால் துடைத்துவிட்டு, நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு நகர்ந்துவிடுவார்.

இதற்கு நடுவில் வீட்டில் வேறொரு மர்மம். காரின் மூக்கு மறுபடி உயர ஆரம்பித்தது. ஒரேயடியாக இல்லை, வாரத்துக்குக் கொஞ்சம். சனிக்கிழமை காலையில் பார்த்தால் வெள்ளிக்கிழமை காலையில் இருந்ததைவிட ஒரு விரல் மேலே நிற்கும். டயரில் காற்று கூடிவிட்டதோ என்று காற்றைக் குறைத்தார். ஸ்பிரிங்கில் கோளாறோ என்று படுத்துப் பார்த்தார். ஒறுத்தலில் இருப்பவர் பானெட்டைத் திறக்க முடியாதே. மவுரீன் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"என்னங்க, காடியைத் தொட மாட்டேன்னீங்க?"

"தொடல. பாத்துக்கிட்டிருக்கேன்."

"பாருங்க பாருங்க. இன்னிக்கு வெள்ளிக்கிழமை. சிலுவைப்பாதைக்கு நேரமாச்சு. கஞ்சி வேற ஆறிரும்."

வெள்ளிக்கிழமைகளில் சிலுவைப்பாதை முடிந்ததும் கோயில் மண்டபத்தில் எல்லாருக்கும் கஞ்சி ஊற்றுவார்கள். அந்த வருடம் கஞ்சிக்கு மவுரீன்தான் பொறுப்பு. காப்ரியல் வாரம் தவறாமல் இரண்டு கிண்ணம் குடித்தார். "அரிசி அருமையா இருக்கு. எங்க வாங்கினது?" என்றுகூடக் கேட்டார். "ஒரு புண்ணியவான் குடுத்தாரு," என்றார் மவுரீன்.

குருத்தோலை ஞாயிறு வந்தது. ஈஸ்டருக்கு ஒரே வாரம். காப்ரியலுக்குக் காரணம் இன்னும் பிடிபடவில்லை. பூசை முடிந்து வந்த மவுரீன், புது ஓலையில் மடித்த சிலுவையை அவர் கையில் வைத்தார்.

"காடியில கட்டுங்க."

"அதுலதான் ஒண்ணு இருக்கே."

"எத்தனை வருஷத்து ஓலைங்க அது? பழசைக் குடுத்துட்டுத்தான் புதுசைக் கட்டணும். வருஷா வருஷம் சாம்பல் புதனுக்கு எரிக்க எல்லாரும் பழைய ஓலையைக் கொண்டுபோய்க் குடுக்கறாங்க, நம்ம வீட்டுது மட்டும் காடியிலயே காஞ்சு கிடக்கு. எடுங்க."

"நான் காடியைத் தொடக் கூடாதே மவுரீன்."

"அப்ப நானே பானெட்டைத் தொறந்து எடுக்கறேன்."

"வேணாம் வேணாம்! ஓலைக்காகத்தானே, ஆண்டவர் மன்னிப்பாரு. நானே எடுக்கறேன். நீ உள்ள போய்க் கறியைப் பாரு."

"ஒரு நார்கூட ஒட்டியிருக்கக் கூடாது. அந்தக் கூலரையே முழுசாக் கழட்டிட்டு எடுங்க," என்று சொல்லிவிட்டு மவுரீன் உள்ளே போனார்.

காப்ரியல் பானெட்டைத் திறந்தார். உள்ளே ஒன்றுமே இல்லை. ஒரு அரிசிப் பைகூட இல்லை. திருடன்! காரை விட்டுவிட்டு அரிசியைத் திருடியிருக்கிறான்! கத்த வாயைத் திறந்தவர் அப்படியே மூடிக்கொண்டார். எதைச் சொல்லிக் கத்துவது? ஏழைகளுக்குக் கொடுத்த அரிசியைக் காணோம் என்றா?

நொந்துபோய்ப் பம்பருக்குக் கீழே படுத்தார். கம்பி துருவேறி இறுகியிருந்தது. வேறு வழியில்லாமல் கூலரையே கழற்றிக் கவிழ்த்தார். உள்ளே தங்கியிருந்த எண்ணெய் போர்ச்சின் வெள்ளை டைல்ஸில் ஊற்றியது. கறுப்பு எண்ணெய். அதற்குள் பொடிப் பொடியாக ஏதோ மின்னியது. செம்பு நிறம்.

காப்ரியல் விரலால் தொட்டுப் பார்த்தார். செம்பு எங்கேயிருந்து வந்தது? அவர் போட்ட புதுப் பேரிங் இரண்டிலும் செம்பே கிடையாதே. சாம்பல் நிறம் அல்லவா? செம்பு இருந்தது முதல் பேரிங்கில். அது தேய்ந்தபோது உதிர்ந்த பொடி எல்லாம் எண்ணெயோடு போய்க் கூலருக்குள் உட்கார்ந்துவிட்டது. இன்ஜினைத்தான் மூன்று தடவை பிரித்துக் கழுவினார். கூலரை ஒரு தடவையும் கழுவவில்லை. ஒவ்வொரு புதுப் பேரிங்குக்கும் பழைய பேரிங்கின் பொடியையே எண்ணெயில் கலந்து ஊட்டியிருக்கிறார். போகப் போகப் பொடி கூடியது. அதனால்தான் ஆயிரம் அறுநூறாகி, அறுநூறு முந்நூறாகியது.

"அல்லேலூயா!" என்று போர்ச் அதிரக் கத்தினார். தவக்காலத்தில் அந்த வார்த்தையைச் சொல்லக் கூடாது என்பதுகூட மறந்துவிட்டது.

"என்னங்க சத்தம்?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"ஒண்ணுமில்ல! ஓலை வந்துருச்சு!"

அந்த வாரம் காப்ரியல் லீவு போட்டார். புதுக் கூலர், புது எண்ணெய்க் குழாய்கள், பெட்டியில் காத்திருந்த புதுப் பேரிங். கோயிலை அலங்கரிக்க மவுரீன் போயிருந்த சனிக்கிழமை காலையில் இன்ஜின் தன் இடத்தில் வந்து உட்கார்ந்தது. ஈஸ்டர் ஞாயிறன்று, சாவியின் முதல் திருகலிலேயே பாடியது. ஐம்பத்து நான்கு வயது காப்ரியல் ஸ்டியரிங்கில் தலை சாய்த்துக் கண் கலங்கினார். நாற்பது நாள், ஒருவருக்கும் தெரியாமல்! தங்கராஜுவுக்கு ஃபோன் போட்டு, "மவுரீனுக்கு ஒரு சந்தேகம்கூட வரலடா," என்று கிசுகிசுத்தார்.

ஈஸ்டருக்குப் பிறகு கார் ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது. முந்நூறு தாண்டியது, அறுநூறு தாண்டியது. மவுரீன் அடிக்கடி எட்டிப் பார்த்து, "எவ்வளவு ஆச்சுங்க?" என்று அக்கறையாகக் கேட்பார். ஆயிரத்து இருநூறு ஆனதும், எண்ணெய் மாற்றும்போது அவரே போத்தலைக் கொண்டுவந்து கொஞ்சம் பிடித்துக்கொண்டு போனார். பெண்டாட்டிக்கும் காரின் மேல் பாசம் வந்துவிட்டது என்று காப்ரியல் மகிழ்ந்தார்.

பெந்தகோஸ்து ஞாயிறு காலை, நல்ல சட்டை போட்டுக்கொண்டு சாவியைத் தேடினார். சாவி சாப்பாட்டு மேசையில் இருந்தது. பக்கத்தில் வரிசையாக நான்கு போத்தல்கள், ஒவ்வொன்றிலும் தேதி ஒட்டியிருந்தது. அவற்றின் அடியில் அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த காலண்டர் தாள்.

"மூணாவது போத்தலைப் பாருங்க," என்றார் மவுரீன். புதுச் சேலை கட்டியிருந்தார்.

பார்த்தார். சாம்பல் புதன் தேதி.

"இது… இது எங்கருந்து?"

"ஸ்டோர்ல பேசின்ல வெச்சிருந்தீங்களே. எண்ணெயைப் பாத்தா எனக்குச் சும்மா இருக்க முடியாது. மொத ரெண்டு தடவையும் பிடிச்சேன், இதையும் பிடிச்சேன். மூணையும் வடிகட்டினேன். மூணுலயும் செம்பு. புதுப் பேரிங்ல செம்பு ஏதுங்க? அப்பவே தெரிஞ்சுபோச்சு, கழுவாத இடம் ஒண்ணு இருக்குன்னு. நீங்க கழுவாத இடம் இந்த உலகத்துலயே அந்த ஓலை இருந்த இடம்தான்."

காப்ரியல் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அப்ப அந்த அரிசி?"

"ஏழைங்களுக்குக் குடுத்துட்டேன்னு சொன்னீங்கல்ல? புருஷன் வார்த்தை பொய்யாகக் கூடாதுன்னு பானெட்டுக்குள்ள இருந்து வெள்ளிக்கிழமைக்கு ஒரு பையா எடுத்துக் கஞ்சி காய்ச்சிட்டேன். நீங்களும்தான் ரெண்டு கிண்ணம் குடிச்சீங்க."

"எல்லாம் தெரிஞ்சும் மொத நாளே ஏன் கேக்கல?"

"மொத நாளே கேட்டிருந்தா மொத நாளே காடியைக் குடுத்திருப்பீங்க. இன்ஜின் போன காடியை வெச்சுக்கிட்டு நான் என்னங்க பண்றது?" மவுரீன் நான்காவது போத்தலைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டினார். எண்ணெய் தெளிவாக இருந்தது, ஒரு மினுக்கல்கூட இல்லை. "இப்பதான் பாஸாகியிருக்கு."

காப்ரியலுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. மைக்ரோமீட்டரும் நாற்பது நாளும் வைத்துக்கொண்டு தான் தேடியதை, இவள் ஒரு வடிதாளில் பிடித்துவிட்டாளே என்று வாய் பிளந்து பார்த்தார். எத்தனை ஒர்க்‌ஷாப்பில் எத்தனை கெட்டிக்காரர்களைப் பார்த்திருப்பார். இப்படி ஒரு மெக்கானிக்கைப் பார்த்ததில்லை. அந்த மெக்கானிக் தன் வீட்டிலேயே இருபத்தாறு வருடமாகச் சோறு போட்டுக்கொண்டிருந்ததை நினைத்துப் பெருமையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

"செல்வாகிட்ட வித்துருவியா?" என்று மெல்லிய குரலில் கேட்டார்.

"விக்கறதா? ஆயிரம் கிலோமீட்டர் காத்திருந்தது விக்கறதுக்கா?" மவுரீன் சாவியை எடுத்துக்கொண்டு நடந்தார். இருபது வருடம் மில்லின் பிக்கப்பைச் சேற்றில் ஓட்டியவர். கிளட்ச்சை விட்ட விதத்தில் ஒரு உதறல் இல்லை. பக்கத்து சீட்டில் இருந்த காப்ரியலின் கை தானாகச் செபமாலையைத் தேடியது.

கோயில் வாசலில் ஃபாதர் ட்ரெவர் நின்றிருந்தார். கார் வந்து நின்றதையும், அவரவர் இறங்கிய பக்கத்தையும் பார்த்துச் சிரித்தார்.

"என்ன காப்ரியல், ஈஸ்டர் முடிஞ்சு அம்பது நாளாச்சே. இன்னும் நீங்க ஓட்டறதில்லையா?"

காப்ரியல் வாயைத் திறப்பதற்குள், மவுரீன் சாவியைக் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்து மூடினார்.

"அவரோட தவக்காலம் இன்னும் முடியல, ஃபாதர்."